டிரிப்பர் விழுந்த வீடு

புனே,
6 ஜூலை 2024

சில்வியாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கத்தான் நினைத்தேன். நீ நன்றாக இருப்பது கேமராவில் தெரிகிறது. நான் நன்றாக இல்லை. அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். என் அண்ணனிடம், "சொல்றத எழுதி அனுப்பச் சொல்லுங்க. எழுதும்போதாவது யோசிப்பாரு" என்று சொன்னாயாம். சரி, எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதுதான் நான் கடைசியாக எழுதிய கடிதம். அப்போது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நம் வாசலில் நீலச் சட்டை போட்ட ஒருவன் செருப்பைக் கழற்றினான். அடுத்த நிமிடம் கேமராவில் படம் போய்விட்டது. பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் திரும்ப வந்தது. அப்போது வாசலில் செருப்பு இல்லை. இந்த ஒன்றரை மணி நேரம் நான் இங்கே ஒயரிங் வேலை நடக்கிற ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

அன்றைக்கு வீடியோ காலில், போனைத் திருப்பி அறையெல்லாம் காட்டு என்று கேட்டேன். அது தப்பு என்கிறாய். தப்பு இல்லாவிட்டால் காட்டுவதில் என்ன?

வந்தவன் சோஹைல் என்றும், டிரிப்பர் அடிக்கடி விழுவதால் கூப்பிட்டதாகவும் சொன்னாய். நம் வீட்டுக்கு ஒயர் இழுத்தவன் நான். பெயின்ட் வேண்டுமானால் வேறு ஆள் அடித்திருக்கலாம். ஒயரில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. பென்னாகரத்தில் நான் வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் இப்போது சோஹைல்தான் போகிறான், தெரியும். என் வீட்டுக்குமா?

டிரிப்பர் சும்மா விழாது என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எங்காவது கரண்ட் கசிந்தால்தான் வீட்டையே அணைக்கும். உயிரைக் காப்பாற்றுகிற பெட்டி அது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எது எது ஓடும்போது விழுந்தது என்று எழுதி அனுப்பு. நான் இங்கிருந்தே கண்டுபிடிக்கிறேன். அவன் வர வேண்டியதில்லை.

ஃபிராங்க்ளின்


பென்னாகரம்,
13 ஜூலை 2024

ரெனிட்டாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போஸ்ட்மேன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டுக்காரரு எழுதினதா? போன் இல்லீங்களா அவருகிட்ட?" என்று கேட்டார். இருக்கிறது, அதில் பேசத்தான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

முதலில் செவ்வாய்க்கிழமைக்குப் பதில். கரண்ட் வேலை பார்க்க வந்தவர் மெயினை அணைக்காமல் போர்டில் கை வைப்பாரா? நீங்கள் வைப்பீர்களா? மெயின் அணைந்தால் கேமராவும் அணையும். இருபது வருஷமாக இதே தொழிலில் இருக்கிறவருக்கு இது தோன்றவில்லை என்றால், உங்கள் மூளையில்தான் முதலில் எதுவோ விழுந்திருக்கிறது.

டிரிப்பர் விழுவதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை என்று அண்ணனிடம் குறைபட்டீர்களாம். மூன்று தடவை போனில் சொன்னேன். மூன்று தடவையும், "பக்கத்துல யாரு பேசறது?" என்றுதான் கேட்டீர்கள். ஒரு தடவை அது டிவி. ஒரு தடவை ராமக்காள், பக்கத்து வீட்டிலிருந்து கறிவேப்பிலை கேட்டு வந்தவள். இன்னொரு தடவை உங்கள் மகள்.

இனி நீங்கள் கேட்ட விவரம். மே மாதத் திருவிழாவுக்கு வந்துவிட்டு நீங்கள் கிளம்பிய வாரத்தில்தான் முதலில் விழுந்தது. அதற்கு முன் ஒருநாளும் இல்லை. அப்புறம் நான்கு நாள் சத்தமில்லை. பிறகு ஒரே காலையில் மூன்று தடவை. மோட்டார் ஓடும்போது நிறைய தடவை விழுந்தது. அயர்ன் பாக்ஸ் போட்டபோது இரண்டு தடவை. ஜூன் பத்தொன்பதாம் தேதி எதுவுமே ஓடவில்லை, ஃபேன் மட்டும்தான், அப்போதும் விழுந்தது. மழை பெய்த அன்று விழவில்லை. மழையால்தான் என்று நினைத்திருந்தேன், அதுவும் பொய்யாயிற்று.

அவசரத் தையல் இருக்கும்போது பாதி ரவிக்கையில் மிஷின் நின்றால் என்ன செய்வது? அதனால் சோஹைலைக் கூப்பிட்டேன். முதல் தடவை வந்தபோது எல்லா பிளக்கையும் பிடுங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை, அதுதான் நீங்கள் பார்த்த செவ்வாய், நம் டிரிப்பரைக் கழற்றிவிட்டு அவருடையதைப் பொருத்திவிட்டுப் போனார். அதுவும் விழுந்தது. ஆக, பெட்டியில் கோளாறு இல்லை.

"அக்கா, நெலையா விழுந்தா ஒரு மணி நேரத்துல புடிச்சிடலாம். இது நெனச்சப்ப விழுது, நெனச்சப்ப நிக்குது. இதான் ரோதனை" என்றார்.

எனக்கும் அப்படி ஒன்றோடுதான் பத்து வருஷமாகக் குடும்பம் நடக்கிறது என்று மனதில் நினைத்துக்கொண்டேன்.

ரெனிட்டா ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா போனில் உங்களோடு பேசுவாள். அவளிடம் என்னைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். எட்டு வயசுப் பிள்ளை.

சில்வியா


புனே,
19 ஜூலை 2024

சில்வியா,

நீ அனுப்பியதை நாலு தடவை படித்தேன். கோளாறைப் பற்றி எழுதச் சொன்னால் சோஹைல் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறாய். நான் வீட்டில் இருந்தபோது நான் சொன்ன ஒரு வார்த்தையாவது உனக்கு இப்படி மனப்பாடமாக இருந்ததா?

எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவன் இருக்கும்போது விழுவதில்லை; அவன் போன பிறகு விழுகிறது. இந்தத் தொழிலில் சிலர் இருக்கிறார்கள், வேலையை முடிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போவார்கள், மறுபடி கூப்பிட வேண்டும் என்று. அவன் அப்படிப்பட்டவன் என்று சொல்லவில்லை. அப்படி இருக்கவும் வாய்ப்பு உண்டு என்கிறேன்.

டீ கொடுத்தாயா? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்?

கண்டுபிடிக்கும் வழி இது. போர்டில் கீழ்வரிசையில் ஆறு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. சமையலறைக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் நானே பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன். தினம் ஒன்றை அணைத்துவை. எதை அணைத்த நாளில் டிரிப்பர் விழவில்லையோ, அந்த லைனில்தான் கோளாறு. குழந்தைகூடச் செய்யலாம். இதற்கு வெளியாள் எதற்கு?

அவனை மறுபடி வீட்டுக்குள் விடாதே. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். நீதானே யோசித்து எழுதச் சொன்னாய்.

ஃபிராங்க்ளின்


பென்னாகரம்,
29 ஜூலை 2024

ரெனிட்டாவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே ஆறு நாள் செய்தேன். சமையலறையை அணைத்த நாளில் ராமக்காள் வீட்டு மிக்சியில் சட்னி அரைத்தேன். மோட்டாரை அணைத்த நாளில் தெருக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தேன். ஹாலை அணைத்த நாளில் இரண்டு தடவை விழுந்தது. மோட்டாரை அணைத்தும் விழுந்தது. மோட்டாரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் அணைத்துப் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. குழந்தைகூடச் செய்யலாம் என்றீர்கள். செய்தாயிற்று. விடை எங்கே?

ஹொகேனக்கல் ரோட்டில் நூல் வாங்கப் போனபோது சோஹைல் கடைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னேன். கடைக்குள் போகவில்லை, ரோட்டில்தான் நின்றேன், குறித்துக்கொள்ளுங்கள். அவர் உடனே, "அக்கா, சின்ன ஸ்விட்ச்ச அணைச்சா ஒரு ஒயருதான் துண்டாகும். திரும்பி வர்ற நியூட்ரல் ஒயரு அப்படியேதான் இருக்கும். அதுல கோளாறுன்னா இப்படித் தேடினா கெடைக்கவே கெடைக்காது. மீட்டரு எடுத்துக்கிட்டு வெள்ளிக்கிழம தொழுகை முடிச்சு வரட்டுங்களா?" என்றார்.

இருபது வருஷத் தொழில்காரரான உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். அவர்மேல் இருந்த எரிச்சலில் மறந்துபோயிற்று.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? என் புருஷனுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்றா? திரும்பி நடக்கும்போது அவமானமாக இருந்தது. தப்பு செய்தவள்போல தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அப்படி நடந்தது உங்களால்தான்.

டீ கொடுத்தேன். வேலைக்கு வந்தவருக்கு ஒரு வாய் டீ கொடுக்காத வீடு இந்தத் தெருவில் இல்லை. நீங்கள் ஊரெல்லாம் ஒயரிங் செய்தபோது எந்தெந்த வீட்டில் யார் யார் டீ கொடுத்தார்கள் என்று நான் ஒருநாளாவது கேட்டேனா?

சோஹைலை விடவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டேன். இனி டிரிப்பருக்கு நீங்களே பொறுப்பு.

சில்வியா


பென்னாகரம்,
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரெனிட்டா அப்பாவுக்கு,

போன சனிக்கிழமை உங்கள் அண்ணன் யாகப்பன் வந்து போர்டைத் திறந்து ஏதோ செய்துவிட்டுப் போனார். லாரி ஓட்டுகிறவருக்குக் கரண்ட் வேலை எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீங்கள் போனில் சொல்லச் சொல்லச் செய்ததாகச் சொன்னார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "அது ஒரு ஒயரும்மா, அவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூடச் செய்யாமல் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து டிரிப்பர் ஒரு தடவைகூட விழவில்லை. மோட்டார், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. தேங்கிக் கிடந்த தையலெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் தொழிலைக் குறைத்து எழுதியது என் தப்பு. இன்று காலைப் பூசையில் உங்களுக்காக வேண்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பிளாக்கை எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

சில்வியா


புனே,
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சில்வியா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பார்த்தாயா, நீலச் சட்டைக்காரன் இல்லாமலே நம் வீட்டில் விளக்கு எரிகிறது. அவன் கேட்டால் என் வீட்டுக்காரர் சரிசெய்துவிட்டார் என்று சொல். கட்டாயம் சொல்.

இப்போதெல்லாம் கேமராவில் படம் விட்டுப்போவதே இல்லை. நீ வாசல் பக்கம் மிஷின் போட்டுத் தைப்பதைச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன். புதன்கிழமை நாலரை மணிக்கு யாரோடோ சிரித்துப் பேசினாய். அந்த ஆள் படத்துக்குள் வரவில்லை. யார்? சும்மாதான் கேட்கிறேன்.

நவம்பர் வரைக்கும் ஒரு விஷயத்தில் கவனமாக இரு. சமையலறையில் வெறுங்காலோடு நிற்காதே, செருப்பு போட்டுக்கொள். கிரைண்டர், மிக்சி எதைத் துடைத்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடை. ஈரக் கையால் எதையும் தொடாதே. ரெனிட்டாவை மோட்டார் பக்கம் விடாதே. நவம்பரில் நான் வந்து எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

ஃபிராங்க்ளின்


பென்னாகரம்,
28 ஆகஸ்ட் 2024

இடது கையால் எழுதுகிறேன். வலது கை கட்டுப் போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்துவிட்டு கிரைண்டரைத் துடைத்தேன். பின்பக்கம் ஒயரை எலி கடித்திருந்தது. கரண்ட் பிடித்துக்கொண்டது. கையை எடுக்க முடியவில்லை. டிரிப்பர் விழும், விழும் என்று நினைத்தேன். விழவில்லை. ரெனிட்டா கத்தியதில் ராமக்காள் ஓடிவந்து மெயினை இறக்கினாள்.

சோஹைல் வந்து போர்டைத் திறந்தார். டிரிப்பரைச் சுற்றி நேராக ஒயர் கொடுத்திருந்தது. "பெட்டி இருக்குது, வேல செய்யாதுங்கக்கா. யாருங்க இத பண்ணது?" என்றார். 

உங்கள் அண்ணனைக் கேட்டேன். அழுதுகொண்டே சொல்லிவிட்டார்.

நீங்கள் வர வேண்டாம்.


புனே,
2 செப்டம்பர் 2024

சில்வியா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்டேஷனுக்குப் போன பிறகு அண்ணன் போனில், "இப்ப வராதடா, அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கறா" என்றார். திரும்பி வந்துவிட்டேன். வந்திருக்க வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. எந்த முகத்தோடு என்று ஒரு நேரம் தோன்றுகிறது.

பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு அண்ணன் போர்டைத் திறந்துகொண்டு போனில் என்னிடம், "டேய், இது உயிரக் காக்கறதுன்னு சொல்லுவியே, இத எடுத்துட்டா பரவாயில்லையா?" என்று கேட்டார். நவம்பர் வரைக்கும்தானே என்றேன். எனக்குக் கோளாறு எங்கே என்று தெரியவில்லை, சில்வியா. டிரிப்பர் விழுவது நிற்க வேண்டும், அவன் வருவது நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நீ நன்றி சொல்லி எழுதிய கடிதத்தைப் படித்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். செருப்பு போட்டுக்கொள் என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. எழுதினால் மறுநாளே அவனைக் கூப்பிடுவாய் என்று பயந்தேன்.

இங்கே ஒரு மாடிக்கு நாற்பது டிரிப்பர். ஒவ்வொன்றின் பட்டனையும் நானே அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். போன மாதம் ஒருவன் அவசரத்துக்கு ஒன்றை இப்படி நேராகக் கொடுத்தான் என்று அவனை அன்றே வேலையைவிட்டு அனுப்பினேன். யாரோ முகம் தெரியாத நோயாளிக்காக அவ்வளவு கோபம் வந்தது எனக்கு.

பொறாமைதான். அக்கறை என்று வைத்துப் பார்த்தேன், தொழில் மரியாதை என்று வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. அவன் என் வேலையை என் ஊரில் செய்கிறான். சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். என் வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்கிறது. நான் இங்கே பத்துப் பேரோடு ஒரு அறையில் படுத்துக்கொண்டு உள்ளங்கை அகலத்தில் என் வாசலைப் பார்க்கிறேன். உன்னைத் தப்பாக நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். ஒவ்வொரு தடவை படம் போகும்போதும் நினைத்தேன். அதற்காக உன் காலில் விழுவேன்.

கை எப்படி இருக்கிறது? விரல் மடங்குகிறதா? தைக்க முடிகிறதா? அண்ணனிடம் கேட்டால் மழுப்புகிறார்.

கேமராவில் படமே வரவில்லை. இன்றைக்கு மட்டும் பதினாறு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல். சோஹைல் அப்புறம் வந்தானா?

ஃபிராங்க்ளின்


பென்னாகரம்,
24 செப்டம்பர் 2024

ரெனிட்டாவின் அப்பாவுக்கு,

கட்டுப் பிரித்தாயிற்று. இது வலது கையெழுத்துதான், கொஞ்சம் கோணலாக இருக்கும். கட்டை விரலும் நடுவிரலும் மடங்குகின்றன. ஆள்காட்டி விரலில் மரத்துப்போன மாதிரி இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க ரெனிட்டாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் உணர்ச்சி திரும்பலாம் என்கிறார் டாக்டர். திரும்பும் என்று சொல்லவில்லை.

கோளாறு கிடைத்துவிட்டது. தொழில்காரருக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் சோஹைல் மீட்டரோடு வந்தார். ராமக்காள் கூடவே உட்கார்ந்திருந்தாள், நான் படுத்திருந்தேன். நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டே போய், ஹாலில் வாசல் பக்கத்து ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்தார். மேல்மூடியின் ஸ்குரூ ஒன்று கறுப்பு நியூட்ரல் ஒயரைத் தோலுரித்து இரும்புப் பெட்டியோடு அழுத்திக்கொண்டிருந்தது. வீட்டிலோ தெருவிலோ லோடு ஏறும்போது அந்த வழியாக எர்த்துக்குக் கசிந்திருக்கிறது. குறையும்போது பேசாமல் இருந்திருக்கிறது.

அந்த பாக்ஸை மே மாதம் நீங்கள்தான் திறந்தீர்கள். ஊருக்குக் கிளம்பும் காலையில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது, கேமராவுக்கு லைன் எடுப்பதற்காக. திருட்டு பயத்துக்கு என்று என்னிடம் சொன்னீர்கள்.

சோஹைல் அந்த ஸ்குரூவைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணன் வேல எப்பவும் சுத்தமா இருக்கும்க்கா. இந்த ஒரு எடம்தான் என்னமோ அவசரத்துல பண்ணாப்ல இருக்குது" என்றார். உங்களைப் பற்றி அவர் இதுவரை சொன்ன ஒரே குறை இது. எனக்கு அழுகை வந்தது. கை வலி என்று நினைத்துக்கொண்டார்.

கேமராவுக்குத் தனியாக லைன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அது பரண்மேல் இருக்கிறது. டிரிப்பர் இப்போது வேலை செய்கிறது. மாதம் ஒரு தடவை பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னார், ரெனிட்டாதான் அழுத்துகிறாள்.

உங்கள் கடிதம் கிட்டத்தட்ட மூன்று வாரமாக வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. முதல் தடவை படித்தபோது அழுதேன். பொறாமை என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள், அது உங்களுக்குச் சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பிறகு கடைசி வரியை மறுபடி படித்தேன். விரல் மடங்குகிறதா என்று கேட்டவர், என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் சோஹைல் வந்தானா என்று கேட்டிருக்கிறார்.

கோளாறைக் கண்டுபிடித்த நாள்வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கப்புறம் வந்தாரா, வரவில்லையா என்று எழுத மாட்டேன். புதன்கிழமை யாரோடு சிரித்தேன் என்பதையும் எழுத மாட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டுக் கேட்டு நானும் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் சொன்ன ஒன்றைக்கூட நீங்கள் நம்பவில்லை. இனி சொல்லாமல் இருந்து பார்க்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ரெனிட்டா அப்பாவைக் கேட்கிறாள். எனக்கும் நீங்கள் வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே இந்த வீட்டில் என்னோடு சாப்பிட்டு, தூங்கி, எழுந்திருக்க முடியும் என்றால் வாருங்கள். முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் மகளுக்கு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

சில்வியா